லண்டன் லைனில் ஒச்சம்மாள்

பழங்காநத்தத்து ஒச்சம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் பால் ஊற்றும்போது செம்பைப் பார்க்கமாட்டாள். அளவுப் படிக்குள் அவர் கட்டைவிரல் போகிறதா என்று பார்ப்பாள். நூல் மில்லின் டெலிபோன் போர்டில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவளுக்கு அந்தக் குணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எதிரில் உட்கார்ந்துகொண்டே "நான் இல்லைன்னு சொல்லும்மா" என்கிற சார்களை அவள் எத்தனையோ பார்த்தாயிற்று.

1981இல் லண்டன் கம்பெனி ஒன்று அந்த மில்லில் நூல் வாங்க ஆரம்பித்தது. அங்கிருந்து பேசிய துரை முதல் நாளே மளமளவென்று ஏதோ சொன்னான். ஒச்சம்மாள் மூன்று தடவை "பார்டன் சார்?" என்றாள். நாலாவது தடவை கேட்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். மேனேஜர் கருத்தக்கண்ணன் அவளைக் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா. தேறலைன்னா மெட்ராஸ்ல இருந்து ஒரு பொண்ணு வருது. நீ நூல் சுத்துற எடத்துக்குப் போயிரு."

அங்கே போனால் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். காற்றெல்லாம் பஞ்சு. அவளுக்கோ ஏற்கெனவே இழுப்பு.

வேறு வழியில்லாமல் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த வெள்ளைத்துரை உள்ளூர்ப் பையன்தான், அவளைவிட ஆறு வயது இளையவன். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவன். 'நாட் அட் ஆல்' என்பதை அவன் 'நாட்டட்டால்' என்றான். ஒச்சம்மாளின் புருவம் ஏறியது.

"அக்கா, ஒவ்வொரு வார்த்தையா எறக்கி வைக்காதீக. இதோட வாலு அடுத்ததோட தலையில ஒட்டணும்."

"எழுத்தை முழுங்குனா எங்க டீச்சர் முட்டியிலயே போடுவாக, தம்பி."

"அந்த டீச்சர் லண்டனுக்குப் போன் பேசுனாகளா?"

எழுத்துக்கூட்டத் தெரியாதவன்தான் எழுத்தை முழுங்குவான் என்று அவளுக்குப் பட்டது. அவன் பலகையில் எழுதியதை எல்லாம் குறித்துவந்து டிக்‌ஷனரியில் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. தப்பே இல்லாதது சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. வீட்டுக்காரன் பேயாண்டி வேறு, "பேருலதான் வெள்ளை, துரை எல்லாம். கப்பல்ல வெங்காயம் உரிச்சவனாம்ல!" என்று சிரித்தான். இருந்தாலும் பஸ்ஸிலும் அடுப்படியிலும் முணுமுணுத்துப் பழகினாள்.

மாசம் முடிய மூன்று நாள் இருந்தது. வெள்ளைத்துரை சொல்வது நிஜமா என்று தெரிய, லண்டன் துரை பேசுவதைக் கேட்டுப் பார்க்கும் ஒரே வழிதான் இருந்தது. லைனைக் கொடுத்த பிறகு ஆபரேட்டர், பேச்சு தன் காதுக்கு வராதபடி போர்டில் தன் கீயை மூடிவிட வேண்டும். ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும். அன்று லண்டன் கால் வந்ததும் மேனேஜருக்கு லைனைக் கொடுத்தாள். கீயை மூடவில்லை.

"வாட்ஸ் ஹெல்டிட்டப்?" என்றான் துரை. அதே மாதிரி, ஒரே உருண்டை! சரக்கு ஏன் நின்றுபோனது என்று கேட்கிறான்.

"எஸ், எஸ். வெரி குட்," என்றார் மேனேஜர்.

துரை திரும்பவும் கேட்டான். "தேங்க்யூ, தேங்க்யூ," என்றார்.

இத்தனை நாளும் சந்தேகத்தைத் தப்பான ஆள்மேல் வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு உறைத்தது. துரையின் குரல் ஏறிவிட்டது. அவன் வைத்துவிட்டால் பழி ஆபரேட்டர் தலையில்தான் விழும். வாயைத் திறந்தாலோ ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.

"சார், சரக்கு ஏன் வரலைன்னு கேக்குறான்," என்றாள்.



"கீயைத் தொறந்தா வச்சிருக்க?"

"ஆமா சார்."

மேனேஜர் மூச்சு விடுவது கேட்டது. "கப்பல் இன்னும் வரலைன்னு சொல்லு."

"த ஷிப்பிஸ் நாட்டின்யெட், சார்," என்றாள் ஒச்சம்மாள். துரை "ஆ, ஐ ஸீ" என்று தணிந்தான்.

கால் முடிந்ததும் கருத்தக்கண்ணன் டெலிபோன் ரூமுக்கே வந்துவிட்டார். கதவைச் சாத்தினார்.

"மெட்ராஸ் பொண்ணு வேண்டாம்னு சொல்லிர்றேன். இனிமே லண்டன் லைன்ல நீயும் இரு. வெளிய மூச்சு விடாத."

"நீங்கதான் இருக்கச் சொன்னீகன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"என்னம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் பேனாவை நீட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஒச்சம்மாள் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

"தேதி போடலையே, சார்."