பத்து மணிக்கு மேல் விரியும் விரல்கள்

பரிபூரணம் நடத்தும் சங்கத்தில் சேர ஒரே ஒரு தகுதி போதும். காலையில் எழுந்ததும் சொந்தச் சட்டைக்குச் சொந்தமாகப் பொத்தான் போட முடியாதிருக்க வேண்டும். முடக்குவாதம் வந்த முப்பத்தோரு பேர் அப்படித் தேர்வானவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பதினொரு மணிக்குக் கூடுவார்கள். பத்து மணிக்கு முன்னால் அவர்களில் யாருடைய விரலும் முழுதாக விரியாது.

கூட்டம் நடப்பது மாடியில். இருபத்திரண்டு படிகள். முட்டி மடங்காதவர்களுக்கு மாடியைக் கொடுத்த வள்ளல், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினம். அவருக்கு நோய் எதுவும் கிடையாது, அதனால் அவரே கௌரவத் தலைவர். கீழேயும் ஒரு பெரிய அறை இருந்தது. அங்கே சேலை கட்டிய பழைய பொம்மைகளை நிறுத்தி வைத்திருந்தார். பாவம், அவற்றால் படியேற முடியாதல்லவா.

பரிபூரணம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பத்தொன்பது வருடம் நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தவள். நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். இப்போது பால் பாக்கெட்டை அவள் பல்லால்தான் கிழிக்க வேண்டும். புதிதாக நோய் வந்தவர்களை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வரிசையில் உட்கார வைப்பதும், "கெழங்கு திங்காத, வாயு எறங்கிரும்" என்று சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைப் போனில் திட்டுவதும் அவள் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் தலைவர் வருடத்துக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்துவார். பங்குனி வெயிலில் அதைவிட அவசியமான பொருள் வேறென்ன?

இந்து என்ற இருபத்துநாலு வயதுப் பெண் எட்டு மாதத்துக்கு முன்பு சேர்ந்தாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் டைப் அடிக்கிறாள். அக்கம்பக்கத்தில் அவள் தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டார் சொல்லி வைத்திருந்தார்கள். சேரும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "என் போட்டோ மட்டும் எங்கயும் வரக்கூடாதுக்கா."

"வராது" என்று பரிபூரணம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஐந்தாம் ஆண்டு விழாவன்று காலை ஆறரைக்கு இந்து போன் பண்ணினாள்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டுல பேனர் பாத்தியளா? அப்பா பால் வாங்கப் போனவுக பாத்துட்டு வந்து ஒக்காந்துட்டாவ. பாலு வாங்கவே இல்ல."

விஷயம் இதுதான். போன மாதக் கூட்டத்தில், மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் தனுஷ்கோடி எல்லோரையும் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கௌரவத் தலைவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். நம் ஊரில் காதுகுத்துக்கே தெரு அடைக்கப் பேனர் வைக்கும்போது ஒரு நோய்க்கு வைக்காவிட்டால் அது அந்த நோய்க்கே அவமானம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 'முடக்குவாதத்தை வென்று வரும் வீரர்கள்' என்று தலைப்பு. நடுவில் கும்பிட்டபடி ஆளுயரத்தில் ராஜரத்தினம். சுற்றிலும் தேங்காய் அளவில் முப்பத்தோரு முகங்கள், கீழே பெயர்கள்.

"ஒம்போது மணி பஸ்ல தளவாய்புரத்துல இருந்து என்னப் பொண்ணு பாக்க வாராவ" என்றாள் இந்து. "அம்மா வேண்டாம்னாலும் நானே அவியகிட்ட சொல்லிரணும்னு இருந்தேன். பஸ்ஸ விட்டு எறங்குனதும் பேனர்ல படிச்சா, மறைச்சுட்டோம்னுதான நெனைப்பாவ?"

பரிபூரணம் தலைவருக்குப் போன் போட்டாள்.

"எடுக்கவா?" என்றார் ராஜரத்தினம். "பன்னெண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வாராரும்மா. அவரு ஒரு தடவ பாத்துரட்டும், பொறவு எடுப்போம். இது விழிப்புணர்வு, உங்களுக்குப் புரியாது."

புரியாதவள் தனுஷ்கோடியைக் கூப்பிட்டாள்.

எட்டு மணிக்கு இருவரும் பேனருக்கு முன்னால் நின்றார்கள். மரச்சட்டத்தில் அடித்த பேனரை நாலு இடத்தில் இரும்புக் கம்பியால் வேலியோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். தனுஷ்கோடி கட்டிங் பிளேயர் கொண்டு வந்திருந்தார். துப்பாக்கி பிடித்த கையிலிருந்து அது மூன்று முறை கீழே விழுந்தது.

"எம்புட்டு நேரம் ஆவும் அண்ணாச்சி?"

"பத்து மணின்னா ரெண்டு நிமிசம், தங்கச்சி. எட்டு மணிக்குச் சொல்ல முடியாது."

"போட்டோ எடுக்கையில மட்டும் வெரலு நல்லா வேல செஞ்சுச்சாக்கும்."

அவர் குனிந்து பிளேயரைப் பொறுக்கினார். பரிபூரணம் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள்.

"ஒரு வாளி வெந்நீர் குடுங்க. கை பொறுக்கிற சூட்டுல."

"டீ எத்தன?" என்றார் கடைக்காரர்.

"டீ வேண்டாம். கைய முக்கணும்."

அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார், பிறகு பேனரைப் பார்த்தார். வாளி வந்தது. வீரர்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து நாலு கைகளையும் ஒரே வாளியில் விட்டுக்கொண்டு பஸ் வரும் பாதையைப் பார்த்தார்கள். தண்ணீர் ஆற ஆறக் கடைக்காரர் கேட்காமலே ஊற்றினார்.

எட்டே முக்காலுக்கு விரல்கள் பாதி திறந்தன. பிளேயரின் ஒரு கைப்பிடியைத் தனுஷ்கோடி இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தார், மறு கைப்பிடியைப் பரிபூரணம். இரண்டு பேரும் அமுக்கினால் ஒருவரின் பலம் வந்தது. முதல் கம்பி அறுந்தது. இரண்டாவது. மூன்றாவதில் பரிபூரணத்தின் மணிக்கட்டு சுரீரென்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலாவது அறுந்ததும் பேனர் முன்பக்கமாகச் சாய்ந்து, தலைவர் உட்பட அனைவரும் குப்புற விழுந்தார்கள்.

பஸ் வந்து நின்றது. பூ, பழப் பைகளோடு இறங்கிய ஐந்து பேரில் பெரியவர் ஒருவர் கேட்டார்:

"என்னய்யா இது, விழுந்து கெடக்கு?"

"காத்துங்க" என்றார் தனுஷ்கோடி. ஒரு இலை அசையவில்லை.

பன்னிரண்டு மணி விருந்தினர் ஒன்றே காலுக்கு வந்தார். மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எனக்கு முட்டிவலி" என்றார். ஐந்து வருடமாகக் காலியாகாத கீழ் அறை ஐந்தே நிமிடத்தில் காலியானது. பொம்மைகளைக் கடைப் பையன்கள் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பேனரைப் போட்டிக் கடைக்காரன்தான் தள்ளியிருக்கிறான் என்று ராஜரத்தினம் மேடையில் கண்டுபிடித்துச் சொன்னார். பரிபூரணமும் தனுஷ்கோடியும் எல்லோரையும்விடப் பலமாக, வலிக்க வலிக்கக் கை தட்டினார்கள்.

விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது இந்து வந்து பரிபூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை மாற்றவில்லை.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னட்டி சொன்னாவ?"

"யோசிச்சுச் சொல்லுதோம்னாவ. அம்மா உள்ள அழுதுட்டு இருக்கா. அந்தப் பையன் மட்டும், காலைல பொத்தான் போட முடியாதான்னு கேட்டாரு. பத்து மணிக்கு மேல போட்டுருவேன்னேன்."

"அதுக்கு?"

"தலைய ஆட்டுனாரு."

காலையில் போனில் கேட்ட பதற்றம் இப்போது அவள் குரலில் இல்லை.

"சரி. காலம்பற மாத்திர போட்டியா?"

இந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரிபூரணம், பொன்னாடை போர்த்தத் தன் பெயரை மேடையில் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல், தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள்.