குண்டு மிளகாய் ரிஜெக்ட் ஆன கதை

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது ஸ்டேட்டஸ் பக்கம்தான். அருப்புக்கோட்டையில் எங்கள் ஆபீஸ் சின்னது. சுற்றுவட்டார வியாபாரிகளின் சரக்கை ஆன்லைன் கடைகளில் ஏற்றிவிடுவது எங்கள் வேலை. ஏற்றினால் மட்டும் போதாது. பச்சைப் புள்ளி விழுந்தால் அப்ரூவ்டு, மஞ்சள் என்றால் பெண்டிங், சிவப்பு என்றால் ரிஜெக்ட். சிவப்பில் கிடக்கும் சரக்கு வாங்குகிறவர் கண்ணில் படவே படாது. பதினோரு வருஷமாக இந்தப் புள்ளிகளோடுதான் குப்பை கொட்டுகிறேன். அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். அது உடைந்ததைத்தான், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முத்துலட்சுமி திருச்சுழிப் பக்கத்துக்காரர். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். குண்டு மிளகாயை வாங்கிக் காயவைத்து, பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். முதல் நாள் ஆபீஸுக்கு வந்தபோதே சொன்னார்: "இனிமே அடுத்தவுக காட்டுக்குப் போகமாட்டேன்னு ஊர்ல சொல்லிட்டு வந்துட்டேண்ணே. நீங்கதான் பாத்துக்கிடணும்."

"அதை என்கிட்ட விட்டுரு தாயி" என்றேன், பெரிய இவன் மாதிரி.

அன்றைக்கே ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை மிளகாய்க்குச் சிவப்புப் புள்ளி. காரணம் 'ஆபத்தான பொருள்' என்று போட்டிருந்தது. பூச்சிமருந்து டெஸ்ட் கேட்கிறார்கள்போல என்று நானே முடிவு கட்டினேன். உணவு லைசென்ஸைக் கொண்டுவரச் சொன்னேன். பஸ் ஏறி வந்து கொடுத்தார். லேப் ரிப்போர்ட் கேட்டேன். அதற்கும் அலைந்து, வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும் ஏற்றி, மறுபடி பார்க்கச் சொல்லும் ரிவ்யூ பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். இரண்டு தடவையும் சிவப்பு. அடுத்த ரிவ்யூ கேட்க ஏழு நாள் பொறுக்கவேண்டும் என்று பட்டனும் பூட்டிக்கொண்டது.

விவரம் கேட்க மறுபடி வந்தவர் சொன்னார்: "அதுல என்னதாண்ணே எழுதியிருக்கீக? ஒருக்கா படிச்சுக் காட்டுங்க."

எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் இங்கிலீஷில் இருந்த தலைப்பைப் படித்தேன். "பாம் சில்லி, ஒரு கிலோ."

அப்போதுதான் தப்பு கண்ணில் பட்டது. சோம்பேறித்தனத்தில் தமிழ்ப் பெயரை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு, வந்ததைப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறேன். குண்டு என்றால் அதற்கு வெடிகுண்டுதான் தெரிந்திருக்கிறது.

"பாம்னா வெடிகுண்டுல்ல?" என்று கேட்டார் முத்துலட்சுமி. "உருண்டையா இருக்குனு நாம குண்டுங்கோம். என்னைய வெடிகுண்டு யாவாரி ஆக்கிப்புட்டீகளேண்ணே." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது.

"தப்பு என் மேலதான் தாயி. உன்னை வீணா அலைய விட்டுட்டேன்" என்றேன். தலைப்பை 'ரவுண்ட் டிரை சில்லி' என்று மாற்றினேன். ஆனால் பூட்டிய பட்டன் நம் மன்னிப்புக்கெல்லாம் திறக்காது.

எட்டாம் நாள் காலை ரிவ்யூ கொடுத்தேன். மத்தியானம் பச்சை விழுந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். காற்று இரைச்சலோடு நாலைந்து பெண்கள் பேசுவதும் கேட்டது.

"எங்கம்மா இருக்க?"

"காட்டுலண்ணே. பருத்தி எடுக்கேன். ஏழு நாளைக்கு அடுப்பு சும்மா எரியுமா?"

நான் படிக்காமல் ஒட்டிய ஒரு வார்த்தை, போகமாட்டேன் என்று சொன்ன காட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இப்போதெல்லாம் சிவப்பு விழுந்தால், சரக்குக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எழுதியதை முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். லைசென்ஸ், ரிப்போர்ட் எல்லாம் அப்புறம்.

"பச்சை விழுந்துருச்சு தாயி. இனிமே நீ காட்டுக்குப் போகவேண்டாம்" என்றேன்.

அவர் சொன்னார்: "இருங்கண்ணே. எடுக்கப் புடிச்ச செடி நெரையைப் பாதில விட்டா நல்லாருக்காது. முடிச்சுட்டு வாரேன்."