சத்தம் கேட்டால் மேலே பார்க்கிறவள்

புதுச்சேரியில் நானும் என் மனைவியும் கடலுக்கடியில் மூழ்கக் கற்றுக்கொண்டபோது அவள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தாள். பயிற்சியாளர் தன் முதுகிலிருந்த காற்று உருளையைத் தட்டி அழைத்தால், நிமிர்ந்து மேலே பார்த்தாள். பார்த்ததோடு மேலே நீந்தவும் தொடங்கினாள். அவசரமாக மேலேறினால் நுரையீரலுக்கு ஆபத்து. இன்னொரு முறை இப்படிச் செய்தால் தேர்ச்சி கிடையாது என்று அவர் கரையில் வைத்துச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு கடைசித் தேர்வு.

திருவண்ணாமலைக்குத் திரும்பும் பேருந்தில் செஞ்சி தாண்டியதும், "சத்தம் மேலேருந்துதாங்க வந்துச்சு" என்றாள்.

தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எட்டிவிடுவதால் எந்தப் பக்கம் என்று பிரித்தறிய முடியாது. எனக்கும் அப்படித்தான். ஆனால் நான் மேலே பார்க்கவில்லை.

காரணம் அவள் பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் தெரிந்தது. அவள் நீச்சல் பழகியது அங்கே, அவர்கள் நிலத்துக் கிணற்றில். கிணற்றில் இருப்பவரை யார் கூப்பிட்டாலும் மேலேயிருந்துதான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை அதே கிணற்றில் இறங்கினோம். வேர்க்கடலை பயிரிடும் அவள் தம்பி படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கைவிட்டு இரண்டு கற்களைத் தட்டினான். மூழ்கியிருக்கும் அவள் அவன் இருக்கும் பக்கம் கைகாட்ட வேண்டும். முதலில் வானத்தைக் காட்டினாள். பிறகு எதிர்ச் சுவரை. நானும் மூழ்கிப் பார்த்தேன். கல் என் மண்டைக்குள்ளேயே மோதியது. மோட்டாரின் உறுமல் நாலாபக்கமும் நிறைந்திருந்தது.

அவள் தலை வெளியே வந்ததும் தம்பி, "மேல யாரு கீறாங்கக்கா? காக்காவா?" என்றான்.

"என்னடா சொன்ன?"

"இவ்ளோ நேரம் கிண்டல் பண்ணிக்னே இருந்தேனே, ஒண்ணுமே கேக்கலியா?"

"கல்லு மட்டுந்தான் கேட்டுச்சு."

"மாமா, அப்ப நான் கத்துனதெல்லாம் வேஸ்ட்டா?"

வெளியே போடும் கூச்சலில் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும் என்றேன். அவனுக்கு அது உண்மையான வருத்தமாகவே இருந்தது.

மதியத்துக்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சத்தம் கேட்டால் இருந்த இடத்திலேயே நிற்பது, ஒரு சுற்று சுற்றிக் கண்ணால் தேடுவது. காதிடம் திசை கேட்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிறு, கடலடியில் எங்கும் பொரி வெடிப்பதுபோல மெல்லிய சத்தம். அதற்கு நடுவே உருளை தட்டப்பட்டது. அவள் முகவாய் லேசாக உயர்ந்தது. நான் மூச்சைச் சீராக விட முயன்றேன். அவள் முகத்தை இறக்கி, நிதானமாகச் சுற்றி, தன் பின்னால் இருந்த பயிற்சியாளரைக் கண்டதும் 'சரி' என்பதற்கு விரல்களை வளையமாக்கிக் காட்டினாள்.

கரைக்கு வந்து, ஈரத் தலையோடு தம்பிக்குப் போன் செய்தாள்.

"மேல பாத்தியாக்கா?"

"பாக்கலடா. பாஸ்."

"இங்கேருந்து கத்துனேனே, கேட்டுச்சா?"