பழைய சம்பளம்

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு பெயின்ட் கடையில் பில் போடச் சேர்ந்தேன். கலர் கலக்கும் மெஷின் பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்க?"

"பி.காம்.ண்ணே. சும்மா ஆறு மாசத்துக்குத்தான்..."

"நானும் அப்படித்தான் வந்தேன். ஆறு வருஷம் ஆச்சு. உக்காரு."

வேதியியலில் முதுகலை. அதனால் கடையில் அவர் பெயர் 'கெமிஸ்ட்ரி'. வாடிக்கையாளர் காட்டும் நிறத்தின் எண்ணைத் தட்டிப் பட்டனை அமுக்குவார். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். மெஷின் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை.

முதலாளி தாராள மனசுக்காரர். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் பதவியைக் கூட்டுவார். அப்படித்தான் கெமிஸ்ட்ரி 'வண்ண ஆலோசகர்' ஆனார்.

ஒருநாள் பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்திலிருந்து அவருக்கு நேர்காணல் அழைப்பு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அவர் மனைவி சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாராம்.

அங்கே நடந்ததை மறுநாள் அவரே எனக்கு நடித்துக் காட்டினார். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர், அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். படிப்பு முடிந்ததும் ஒன்றரை வருஷம் வீட்டில் படுத்துக் கிடந்து, அப்பா வாயால் 'தண்டச்சோறு' என்று பேர் வாங்கி, பிறகு நேராக லேபில் சேர்ந்தவர். நம்மவர் பொறுப்பான பிள்ளை. ரிசல்ட் வந்த வாரமே கடைக்கு ஓடியவர்.

"டேய், நீயா! கடைசியா என்ன சம்பளம்டா?"

சொன்னார். நண்பர் நெளிந்தார்.

"இங்க ஒரு ரூல்டா. பழைய சம்பளத்துக்கு மேல இருபது சதவீதம்தான் போடலாம்."

"இப்பதான் காலேஜ் முடிச்சு வர்ற பசங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான் பழைய சம்பளமே இல்லையே. முழுசா குடுத்துருவோம்."

"அப்ப நானும் வீட்லயே படுத்திருக்கணும்ங்கற."

"அப்படிச் சொல்லலடா..." என்று நண்பர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "போகாதீங்கண்ணே. இது அவமானம்."

"அவமானத்த லேப்ல போய்ப் பட்டுக்கறேன்டா. அங்க ஏசியாவது இருக்கு."

விஷயம் தெரிந்த முதலாளி பதறிப்போய், அன்றைக்கே அவரை 'முதுநிலை வண்ண ஆலோசகர்' ஆக்கினார். அப்படியும் கெமிஸ்ட்ரி கிளம்பிவிட்டார்.

இப்போது அவர் அந்த லேபில்தான் இருக்கிறார். வருஷா வருஷம் எல்லோருக்கும் ஒரே சதவீத உயர்வு. அதனால் சம்பள வித்தியாசமும் தவறாமல் உயர்கிறது. புதிதாக வரும் பசங்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் அவர். அவர்கள் வாங்குவது அவரைவிட அதிகம்.