நோன்பு இன்ஜின்

ஹெலன் கலியாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு தம்பி வசந்தை வளர்த்தது அவள்தான். அதை யாராவது தியாகம் என்று சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும். "வேற யாரு இருந்தா, சிஸ்டர்?" என்று என்னிடமும் கேட்டாள். வசந்தின் உடம்பைப் பார்த்துக்கொள்ள நர்ஸாக நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம் அது.

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்த கை அவளுடையது. ஆர்டர் குறைந்து ஆட்களைக் கழித்தபோது, பள்ளிகொண்டா பக்கம் பெட்ரோல் ஜெனரேட்டருக்குச் சின்ன இன்ஜின் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். விரல் மெலிசாக இருந்ததால் கார்புரேட்டர் மேஜையில் உட்காரவைத்தார்கள்.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் போகும். துளை சிறிதானால் விஷப்புகை கம்மி, ஆனால் இன்ஜின் இருமும், கயிற்றைப் பலமுறை இழுக்க வேண்டும். துளை பெரிதானால் புகை ஜாஸ்தி, ஆனால் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். வாங்குகிறவர்கள் கடையில் கயிற்றை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். புகையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளக்க வேண்டியவர் அதிகாரி. சொல்லாமல் வந்து, தனக்குத் தோன்றிய இன்ஜினை எடுத்து, சீல் வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அவரை காட்பாடி ஸ்டேஷனிலிருந்து அழைத்து வருவது கம்பெனி கார். கார் வேண்டும் என்று போன் வந்ததும் சூப்பர்வைசர் வக்கார் அகமது ஹெலனின் மேஜைக்கு வருவார்.

"ஹெலன், நோன்பு வெச்சிடு."

முன்வரிசை இன்ஜின்கள் அத்தனைக்கும் அவள் சின்ன ஜெட் மாட்டுவாள். அதிகாரி எதைத் தொட்டாலும் அது பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும் நோன்பு இன்ஜின். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் மிச்சமிருப்பவற்றில் பெரிய ஜெட் ஏறும். "இன்னா ஹெலன்க்கா, நோன்பு தொறந்தாச்சா?" என்று பேக்கிங் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

வசந்த் வீட்டின் பின்கட்டில் தையல் மெஷின்கள் போட்டு, கம்பெனிகளுக்கு ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுத்துவந்தான். மனைவி கிறிஸ்டினாவும் உடன் தைத்தாள். கரண்ட் அடிக்கடி போனதால் ஹெலன் தன் கம்பெனியிலேயே ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தாள். கிறிஸ்டினாவுக்கு மணிக்கட்டு முன்பு ஒருமுறை உடைந்து சரியாகச் சேரவில்லை. ஓங்கி இழுக்க முடியாது. அதனால் ஹெலன் பெரிய ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளை இன்னும் கொஞ்சம் தாராளமாக இருந்த ஒன்றைத் தேடி மாட்டினாள்.

கிறிஸ்டினா இடது கையால் இழுத்தாள். கிளம்பிவிட்டது. "மாமியார் இல்லாத குறையைத் தீர்த்துட்டீங்கண்ணி. இது நல்லா கத்துது" என்றாள்.

ஐப்பசியில் புயல்மழை வந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் நின்றது. வெளியே வைத்தால் ஜெனரேட்டர் நனையும் என்று வசந்த் அதைப் பின்கட்டு நடையில் வைத்தான். சன்னலையும் கதவையும் சாத்தினான். வெட்டிய தோலில் சாரல் பட்டால் கறை விழும், கறை விழுந்ததைக் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். தோல் தைக்கிறவர்கள் மழை வந்தால் முதலில் செய்வது அதைத்தான்.

மதியம் இருவருக்கும் தலைவலி வந்தது. தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடையில் தலை வலிப்பது அங்கே தினப்படி சமாச்சாரம். அதற்காக யாரும் எழுந்து வெளியே போவதில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி தைத்தார்கள். ஜெனரேட்டர் கக்குகிற வாயுவுக்கு வாடை கிடையாது. ஹெலன் வேலை முடிந்து வந்தபோது கிறிஸ்டினா மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். உயிர் இல்லை. வசந்துக்கு மூச்சு இருந்தது.

மூச்சு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள். மூளையைக் காப்பாற்ற முடியவில்லை. கை நடுங்கும், காலை எடுத்துவைக்க வராது, காலையில் சொன்னது மதியம் நினைவிருக்காது. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவதையும், புரையேறாமல் ஊட்டுவதையும் ஹெலனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

கிறிஸ்டினாவின் பெற்றோர் வசந்த்மேல் புகார் கொடுத்தார்கள். மூடிய வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டிப் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் வழக்கு எழுதியது. அவன் செய்தது தப்புதான். எந்த ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் ஓட்டக்கூடாது. ஆனால் சின்ன ஜெட்டாக இருந்திருந்தால் வாயு மெதுவாகச் சேர்ந்திருக்கும், ஹெலன் வருகிறவரை அந்தப் பெண் தாங்கியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஹெலன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இன்ஜினைச் சோதிக்க உத்தரவு வந்தது. பக்கத்தில் வேறெங்கும் கருவி இல்லையென்று போலீஸ் அதைக் கம்பெனிக்கே கொண்டுபோய் ஸ்டோரில் வைத்தது. அன்று சாயங்காலம் வக்கார் அகமது வீட்டுக்கு வந்தார். வசந்தைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

"நாளைக்குக் காலைல ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள நோன்பு வெச்சிடு, ஹெலன். ஸ்டோர் சாவி உன்கிட்ட குடுக்கச் சொல்லிட்டேன்."

"வெச்சா?"

"இன்ஜின்மேல தப்பில்லன்னு வரும். கம்பெனி பொழைச்சுக்கும்."

"வசந்த்?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வெக்கலன்னா யாரு மாட்டுனான்னு கேப்பாங்க. உன் கைதானே? நல்லா யோசிம்மா" என்றார்.

"யோசிக்கிறேன், பாய்."

மறுநாள் காலை தன் மேஜையிலிருந்து சின்ன ஜெட்டை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். ஸ்டோரைத் திறந்தாள். மாட்டவில்லை. ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, "மாட்டிட்டா கிறிஸ்டினாவ அவன்தான் கொன்னான்னு ஆயிடும். அவனால வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

அதிகாரி முன்னால் கார்புரேட்டரைக் கழற்றியதும் அவளேதான். பெரிய ஜெட்டைப் பார்த்ததும் வக்கார் அகமது முந்திக்கொண்டார். "வெளியில எவனோ மெக்கானிக் மாத்தியிருக்கான், சார். வூட்டுக்காரரே குடுத்து மாத்தியிருப்பாரு."

"வெளியில யாரும் மாத்தல, சார்" என்றாள் ஹெலன். "நான்தான் மாட்டுனேன். வெளிய போற எல்லாத்துலயும் பெருசுதான் மாட்டுறேன். பேக் பண்ணி வெச்சதுல எதை வேணா பிரிங்க."

அதிகாரிக்குப் பிரிக்காமல் இருக்க வழியில்லை, போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார். பிரித்தார்கள். அதிலும் பெரியது. அதிகாரி எழுதிக்கொண்டு, வந்த காரிலேயே திரும்பிப் போனார்.

கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடினார்கள். ஊழியர் ஒருவர் மேலிடத்துக்குத் தெரியாமல் செய்த தவறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பிறகு திறந்துவிட்டார்கள். ஹெலனுக்கு வேலை போனது. வசந்த்மேல் இருந்த வழக்கு அப்படியே இருக்கிறது, அதில் இரண்டாவதாக அவள் பெயரும் சேர்ந்திருக்கிறது. மூடியிருந்த நாட்களில் கூலி இழந்த பேக்கிங் பெண்கள் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், "எங்க எல்லாரையும் நோன்பு வெக்க வெச்சிட்டாளே" என்று காதில் விழும்படி சொல்கிறார்கள். வக்கார் அகமது அதே வேலையில் இருக்கிறார்.

போன வாரம் கஞ்சி ஊட்டும்போது வசந்திடம் சொன்னாள். "அந்த ஜெனரேட்டர்ல பெரிய ஜெட்டு போட்டது நான்தான்டா. அதுனாலதான்."

அவன் வெகுநேரம் யோசித்தான். முகம் தெளிந்தது.

"நல்ல இன்ஜின்க்கா. ஒரே இழுப்பு. கிறிஸ்டினாகூட இழுப்பா" என்றான். பிறகு வாசலைப் பார்த்தான். "எங்க அவ? இன்னும் வர்ல?"

ஹெலன் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. கஞ்சி அவன் சட்டையில் சொட்டியது.

"அவன் தலையை நேராப் பிடி, புரையேறிடும்" என்றேன். பிடித்தாள்.