எண்ணெய்ப் புகையும் எருமைத் தயிரும்

இன்று காலை தங்கராசா தன் ஆட்டோவை எங்கள் வாசல் படலையடியில் நிறுத்தினான். கையில் ஒரு சின்னப் போத்தல். டூ ஸ்ட்ரோக் ஒயில். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணன், பெற்றோலோட இதைக் கொஞ்சம் கலந்தா எஞ்சின் நல்லா இழுக்குமாம். பொடியனுகள் சொல்றானுகள். உண்மையா?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மணம் என்னைப் பழைய படகுத்துறைக்கு இழுத்துப்போனது. அதோடு, என் மனைவி பூரணம் தயிர்ச்சட்டிகளோடு அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தும் விட்டாள்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலோரக் கல்லடி ஊர்க்காரன். இளவயதில் கடல்வேலை. அந்தக் காலத்துப் படகு எஞ்சின் டூ ஸ்ட்ரோக்; ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. எரிபொருளோடு கலந்துதான் விட வேண்டும். குறைந்தால் உள்ளே சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகைக்கும். கடலில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் வந்து இழுத்துப்போக ஆள் இல்லை. அதனால் கடல்காரன் அளவு பார்ப்பதில்லை. அரைக் கோப்பை போதும் என்ற இடத்தில் ஒரு கோப்பை ஊற்றுவான். தேத்தண்ணிக் கோப்பைதான் எங்கள் அளவு. புகை வந்தால் நிம்மதி. புகை வருகிறது என்றால் நாமும் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். பூரணத்தின் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. அந்த வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். என் உடுப்புப் பையையும் கடலில் தேய்ந்த எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போனேன். சின்னப் படகு ஒன்று எடுத்தேன். அக்கரையில் இருக்கிற டவுனுக்குப் போகிற ஆட்களை ஏற்றி இறக்கினேன்.

அந்த ஊர்ப் படகுத்துறையில் ஏற்கெனவே ஒரு படகு இருந்தது. தங்கராசாவின் படகு. பூரணத்தின் தாய்மாமன் மகன் அவன். அவளுக்கு மச்சான். அந்த வழியில் எனக்குத் தம்பி முறை. அவனுக்கு இவளைக் கட்டும் உரிமை இருந்தது. "அவர் கேக்கல்ல" என்று பூரணம் ஒரு தரம் சொன்னாள். கேட்டிருந்தால்? அதை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

அவன் ஒரு மூடி ஒயில்தான் ஊற்றுவான். மருந்துப் போத்தல் மூடி. எஞ்சின் தேனீ மாதிரி ஓடும். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு படகு ஓட்டுவான். என்னிடம் இருந்த ஒரு வெள்ளைச் சேட்டு கலியாணச் சேட்டு. அதை நான் படகடிக்குக் கொண்டு போனதே இல்லை.

பூரணம் வீட்டில் எருமைப் பட்டி இருந்தது. அவள் தயிர் விற்கிறவள். முதல் மாதம் என் படகில்தான் வந்தாள். பிறகு கச்சான் காற்றுத் தொடங்கியது. கச்சான் மேற்கிலிருந்து வீசும். நாங்கள் கிழக்கே போவோம். பின்னால் கக்குகிற புகை முன்னால் வந்து ஆட்களின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். தயிர் எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். சந்தையில் ஒரு மனுசி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன புள்ள, எருமைக்கு மண்ணெண்ணெயா பருக்கிற?" என்றாளாம்.

அடுத்த சந்தை நாள் பூரணம் சட்டிகளைத் தங்கராசாவின் படகில் வைத்தாள். துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"கொஞ்சம் குறைச்சு ஊத்தினா என்ன?" என்றாள் வீட்டில்.

"பிடிச்சுப்போகும்."

"இஞ்ச எங்க கடல்? இது ஆறு. பிடிச்சா இறங்கி நடந்து வரலாம். மச்சான் ஒரு மூடிதானே ஊத்துறார்."

மச்சான் என்று அவள் வாய் நிறையச் சொல்வாள்.

அரைக் கோப்பை போட்டுப் பார்த்தேன். நடு ஆற்றில் காது எஞ்சினைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. நிறுத்தினேன். மிச்ச அரையையும் ஊற்றினேன். கை அப்படிப் பழகிவிட்டது. அதோடு, அவன் அளவுக்கு நான் இறங்குவதா என்பதும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

சந்தை நாட்களில் அவன் படகு முன்னால் போகும். என் படகு இரண்டு ஆடுகளோடும் ஒரு கிழவரோடும் பின்னால் போகும். தங்கராசா திரும்பிக் கத்துவான். "அண்ணன், ஆக்கள ஏத்துறீங்களா, கடிக்கிற நுளம்புக்குப் புகை அடிக்கிறீங்களா?" பூரணமும் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது தோள் குலுங்கும். தூரத்திலிருந்தும் தெரியும்.

அவன் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். ஒரு மூடி எத்தனை நாளைக்குத் தாங்கும்? தாங்கியது.

ஒரு சந்தை நாள் காலை அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். அவனுடைய எரிபொருள் கேன் ஆலமரத்தடியில் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். இரண்டு கோப்பை ஒயில் ஊற்றினேன். மூடிக் குலுக்கி வைத்தேன். அவன் படகு புகைக்கும், பூரணம் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு என் படகுக்கு வருவாள். அதுதான் என் கணக்கு. என் படகும் புகைக்கும் என்பது அந்த நேரம் மூளையில் ஏறவில்லை.

அவன் கயிற்றை இழுத்தான். புகை என்றால் அப்படி ஒரு புகை. பூரணம் சீலைத் தலைப்பை எடுத்தாள். மூக்கை மூடவில்லை. சட்டிகளை மூடினாள். இறங்கவில்லை. படகு போய்விட்டது. நான் வெறும் படகோடு பின்னால் போனேன்.

பின்னேரம் அத்தனை சட்டியும் அப்படியே திரும்பி வந்தது. பூரணம் எனக்குச் சோறு போட்டாள். மேலே தயிரை ஊற்றினாள்.

"மச்சான்ட எஞ்சினில இண்டைக்கு உங்கட மணம்" என்றாள்.

நான் சோற்றைக் கிளறினேன்.

"தின்னுங்க."

மூன்று நாள், காலையும் இரவும் அதே தயிர். புளித்து நாக்கைக் கடித்தது. அதிலும் புகை மணம் போகவில்லை. தின்றேன்.

நாலாம் நாள் தங்கராசா துறையில் என்னைப் பிடித்தான். "அண்ணன், ஆரோ ஒரு புண்ணியவான் என்ர கேனுக்க ஒயில் ஊத்தியிருக்கான். புகைச்சது உண்மை. ஆனா சூடே இல்ல. மூடி போதாதெண்டு எனக்கும் ஒரு பயம் இருந்தது. இனி அரைக் கோப்பை போடப்போறன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் அவனை நேரே பார்க்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள இருந்த எஞ்சினை நானே பிழைக்க வைத்திருக்கிறேன்.

நானும் அரைக் கோப்பைக்கு இறங்கினேன். இரண்டு படகிலும் ஒரே புகை, ஒரே மணம். அதுக்கு மறுகா பூரணம் ஒரு கிழமைச் சந்தைக்கு என் படகில், அடுத்த கிழமைச் சந்தைக்கு அவன் படகில். பங்கு பிரித்த மாதிரி. அவன் கிழமைகளில் நான் கரையில் நின்று புகையைப் பார்ப்பேன். தண்ணீருக்கு மேலே நீலமாக ஒரு கோடு. அது எங்கே முடிகிறதோ அங்கே அவள் இருக்கிறாள்.

பாலம் வந்தது. ஒரே மாதத்தில் துறையில் ஆள் இல்லை. அவன் எஞ்சினை விற்று, கொஞ்சக் காலத்தில் ஆட்டோ எடுத்தான். என் எஞ்சின் கொட்டிலில் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

படலையடியில் தங்கராசா இன்னும் போத்தலை நீட்டியபடி நின்றான். ஆட்டோவுக்குள்ளிருந்து பூரணம் சொன்னாள். "மச்சான், அவர்ட்டப் போய்க் கேக்கிறீங்களே. கோப்பைக் கணக்கில ஊத்தச் சொல்லுவார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தோள் இப்போதும் குலுங்குகிறது.

ஊற்று என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"வேணாம் தம்பி. இந்த ஆட்டோ நாலு ஸ்ட்ரோக். இதுக்கு ஒயில் வேற இடத்தில இருக்கு. பெற்றோல்ல கலந்தா காசும் வீண், புகையும் மிச்சம்."

"அப்ப இதை நீங்களே வச்சிருங்க" என்று போத்தலை என் கையில் தந்தான். அவன் திறந்து மூடியதில் வெளியே வழிந்திருந்த ஒயில் என் கையில் ஒட்டியது. ஆட்டோ கிளம்பியது. புகை இல்லை, மணம் இல்லை. வளைவில் திரும்பியதும் ஒன்றும் இல்லை. பாலத்தில் ஏறிவிட்டாளா, டவுனுக்குப் போய்விட்டாளா, கரையில் நிற்கிறவனுக்குத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

இப்போது பின்னேரம். சந்தை முடிந்து அவள் வருகிற நேரம். காலையிலிருந்து நான் கை கழுவவில்லை.