சின்னது போதும் என்று நான் சொன்னது

மருமகளை ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அடுக்களைக்குள் போய்விட்டேன். எழுபது வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளி ஆள் வந்தால் என் கால் முதலில் உள்ளேதான் திரும்பும். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வெளி ஆட்களிடம் பேசுவது அவர் வேலை. அவர் போனபிறகு அந்த வேலையை மருமகள் எடுத்துக்கொண்டாள்.

கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் ரோட்டை ஒட்டினது எங்கள் வீடு. முன் அறையை மருமகள் கடையாக்கி வைத்திருக்கிறாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போட்டோஸ்டாட் மிஷின். விண்ணப்பம், மனு, கல்யாணக் கார்டு, சபை நோட்டீஸ் என்று எல்லாம் அங்கே நடக்கும். எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு கால் எல்லைக்கு அப்புறம், ஒரு கால் இப்புறம். பஞ்சாயத்தில் கொடுக்க மலையாளத்தில் மனு வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கிடக்கிற துண்டு நிலத்துக்குத் தமிழில் வேண்டும். இரண்டையும் அடிக்க அவளிடம் ஒரு டைப்பிங் புரோகிராம் உண்டு. பழையது. அதை விற்றவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அதற்கான சிடியும் கீறல் விழுந்து கெட்டுப்போனது. வேறு எதிலும் அவள் கை ஓடாது. "இது போச்சுன்னா கடையப் பூட்ட வேண்டியதாக்கும் மாமி" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று பேர்தான். எங்கள் அடுப்பு எரிவது அந்தக் கடையை நம்பித்தான்.

நாற்காலியில் இருந்து இருந்து டைப் அடித்ததில் அவளுக்கு முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. இருபத்தொரு நாள் மருந்துக் கிழி ஒத்தடமும் எண்ணெய் உழிச்சிலும் வேண்டும் என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். கம்ப்யூட்டரிலோ, அதை ஓட்டுகிற சிஸ்டத்தின் பதிப்பு பழசாகிவிட்டது, புதியதுக்கு மாறு என்று கொஞ்ச நாளாக எழுத்து வந்துகொண்டே இருந்தது. சில விண்ணப்பப் பக்கங்கள் திறக்கவும் இல்லை. கடை பூட்டிக் கிடக்கிற நேரத்திலேயே அதை முடித்துவிடலாம், தான் வந்ததும் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு ஆள் வந்து நிற்கும் என்று, படுத்த இடத்தில் இருந்தே அவள் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டாள். என்னிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மாமி ஒண்ணும் செய்யாண்டாம். கூட இருந்தா போதும். எனக்க டைப்பிங் மட்டும் போவாம பாத்துக்கிடுங்க."

கூட இருப்பதுதான் எனக்குப் பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அந்த ஒன்பது நாளில் விடியும் முன்னே எழும்பி, கஞ்சியும் பயறும் வைத்து, பாத்திரத்தில் கட்டி, ஆட்டோவில் கொடுத்தனுப்பி, கோழியைத் திறந்துவிட்டு, தண்ணீர் பிடித்து, உட்காரும்போது காலில் ரத்தம் இல்லாதது போல் இருக்கும். அன்றும் அப்படி உட்காரப்போன நேரத்தில்தான் ஸ்கூட்டர் வந்தது.

"அம்மச்சீ, ஒளிஞ்சு நிக்காண்டாம். நான் மிஷினத் தின்ன வந்ததில்ல" என்று அவர் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். நெய்யாற்றின்கரையில் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். சாவியைக் கொண்டு வந்து கடையைத் திறந்துவிட்டு, பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டேன்.

அவர் சட்டைப் பையில் இருந்து விரல் நீளத்தில் இரண்டு பென்டிரைவ் எடுத்து வைத்தார்.

"ஒரு காரியம் சொல்லணும் அம்மச்சி. இதுல ரெண்டு வகை உண்டு. ஹோம், புரோ. ஹோம் சின்னது, வீட்டு ஆவசியத்துக்கு உள்ளது. புரோ பெரியது, ஆபீசுக்கும் கம்பெனிக்கும் உள்ளது. எது போடணும்?"

மருமகளுக்குப் போன் அடித்தேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. அது கிழி வைக்கிற நேரம், போன் பைக்குள் கிடக்கும்.

"எனக்கு அமரவிளையில வேற ஒரு மிஷின் கெடக்கு" என்றார் அவர். "நீங்களே சொல்லுங்க. சின்னதோ, பெரியதோ?"

"சின்னது போதும்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. மீன் பொரித்தால் வால் துண்டு, பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டின் ஓரம், விருந்தில் பிந்திய பந்தி என்று இருந்தே பழகிவிட்டது. கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் மூன்று விதமான லென்ஸ் உண்டு என்று நர்ஸ் காட்டினபோதும் நான் கடைசியில் இருந்த விலை குறைந்ததைத்தான் தொட்டேன். அன்று மருமகள் ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்துத் திட்டினாள். "கண்ணு ஒங்களுக்கதா, இல்ல பக்கத்து வீட்டுக்காரிக்கதா மாமி?" அதுவும் எனக்குப் புத்தி வரச் செய்யவில்லை.

"கொள்ளாம், நல்ல காரியம். அம்மச்சி ஆசையில்லாத ஆளாக்கும்" என்று சிரித்துக்கொண்டே அவர் ஒன்றை எடுத்துச் சொருகினார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மூன்று வரி வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்துகளில் சிலதுதான் அடையாளம் தெரியும். ஆனால் முதல் வரி மட்டும் பல தடவை வெளுத்த துணி போல மங்கிக் கிடந்தது தெரிந்தது. மருமகள் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மங்கிக் கிடக்கிறதைக் குத்தினால் எடுக்காது, அது நமக்கு இல்லை என்று அர்த்தம் என்பாள்.

"அந்த மேல உள்ள வரி என்னது?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. ஒரு எட்டு உள்ளே வைத்து மறுபடியும் கேட்டேன்.

"அதா? பைலும் புரோகிராமும் எல்லாம் இருக்கபடியே வைக்கிறதாக்கும். அது இப்பம் கிட்டாது. ரெண்டாவது வரி போதும். போட்டோ, மனு, எல்லா பைலும் நிக்கும். பேடிக்காண்டாம்."

"புரோகிராம்?"

"அது போவும். பெறகு போட்டுக்கிடலாமே. சிடி உண்டில்லியா?"

அவர் விரல் மவுஸின்மேல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் வந்த நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாறசாலையில் ஒரு ஆபீஸ் பூட்டினபோது மருமகள் செகண்ட்ஹேண்டில் வாங்கிக்கொண்டு வந்தது. ஆட்டோவில் இருந்து இறக்கும்போதே, "ஆபீசுல உள்ள மிஷின் மாமி, இதுல எல்லாம் பெரிய சாமானாக்கும்" என்று பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டும்தான் நான் சின்னது போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"இது ஆபீசுல கெடந்த மிஷினாக்கும். மருமவ செகண்டுல வாங்கினா. இதுக்குள்ள உள்ளதும் பெரியதாத்தான் இருக்கும். நான் சொன்னது தப்பு. சிடி இல்ல. அந்த டைப்பிங் போச்சுன்னா அவளுக்குக் கட இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை மூடிவிட்டு, வேறு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு பிடரியைத் தடவினார்.

"சரியாக்கும். இதுல கெடக்கது புரோ. பெரியதுக்க மேல சின்னதப் போட்டா, அது புரோகிராம வச்சுக்கிடாது. நான் அம்மச்சிகிட்ட கேட்டதே தப்பு. முதல்ல மிஷின்கிட்டல்லா கேக்கணும்."

"அப்பம் பெரியதுக்குத் தனியா ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். உள்ளதே புதுசாவுது, அவ்வளவுதான்."

மற்ற பென்டிரைவைச் சொருகினார். மறுபடியும் வட்டம். மறுபடியும் மூன்று வரி. இந்தத் தடவை முதல் வரி கறுத்துத் தெளிந்து நின்றது. அதைக் குத்திவிட்டு, "ஆஃப் ஆக்காண்டாம், கேட்டியளா. ரெண்டு மூணு மணிக்கூர் ஆவும்" என்று சொல்லி அமரவிளைக்குப் போனார்.

நான் மருமகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எண்கள் எனக்கு வாசிக்கத் தெரியும். திரையில் வேலை நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. முப்பது ஆகும் முன்னே என் இடுப்பு கடுத்துவிட்டது. நாற்காலியின் ஒரு பக்கம் தாழ்ந்து, முதுகு வைக்கிற பலகை விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. இதிலா அவள் இத்தனை வருஷம் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் சாயா கொண்டு வைக்கிறேன், ஒரு நாளும் அதில் இருந்து பார்த்ததில்லை. எழும்பி ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். சாப்பிடவும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு அவர் திரும்பி வந்து டைப்பிங்கைத் திறந்தார். திறந்தது. மலையாளத்தில் அவர் ஒரு வரி அடித்தார். தமிழ் எனக்குத் தெரியும் என்பதால் என்னை அடிக்கச் சொன்னார். ஏதோ ஒரு கட்டையை அழுத்தினேன். 'ப' வந்தது. போதும் என்றேன்.

சாயங்காலம் மருமகள் கூப்பிட்டாள்.

"டைப்பிங் உண்டா மாமி?"

"உண்டு."

"எதப் போட்டாரு?"

"இருந்ததையே."

"கிழி வச்சுக் கெடக்கும்போ எனக்கு ஒரே பயம். மாமிகிட்ட கேட்டா சின்னது போதும்னுல்லா சொல்லுவிய. சொன்னியளா?"

"சொன்னேன்."

"அய்யோ. பெறகு?"

"பெறகு நிப்பாட்டச் சொன்னேன்."

"ஆருகிட்ட, அந்த ஆளுகிட்டயா? வாயத் தொறந்தா?"

"கொஞ்சம் சத்தமாத்தான்."

அவள் சிரித்துவிட்டு, "சிரிக்க வெக்காதீங்க மாமி, முதுகு பிடிக்குது" என்று முனங்கினாள்.

"மக்ளே" என்றேன். "நீ இருந்து அடிக்க அந்தக் கசேரை கொள்ளாது. நீ வாறதுக்குள்ள வேற ஒண்ணு வாங்கணும்."

"சின்னதாப் பாத்தா?"

"இல்ல. முதுகு முழுக்கச் சாயணும். பெரியது" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கோழியை அடைக்கப் போனேன்.